நாற்பத்தொன்றாம் நிமிடம்

கிடங்குத் தெரு, பணமாற்றுக் கடைக்கு மேல்மாடி.
அறுபது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தோம்,
தொண்ணூறு பேர் வந்துவிட்டார்கள்.
ஜன்னலில் கறுப்புக் குப்பைப்பை ஒட்டித்
தெருவிளக்கை வெளியே நிறுத்தியாயிற்று.
மக்ரிப் முடித்துப் படியேறியவர்களின்
முன்கையில் இன்னும் ஈரம்.

படம் எடுத்தது யாரோ.
அடியில் ஓடும் தமிழ் வரிகள் மட்டும் என்னுடையவை.
ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்து,
அதற்குமேல் கண் தாங்காது என்பார்கள்.

சஹர்பான் கடைசிச் சுவரோரம் நிற்கிறாள்.
உட்காரச் சொன்னேன்.
"இதை நின்னே பாத்துப் பழகிருச்சு."
திரையில் அவள் தம்பி நூருல் அமீன்
முதல் பனியில் வழுக்கி விழுந்து
தன்னைத் தானே படமெடுத்துச் சிரிக்கிறான்.
கூட்டமும் சிரிக்கிறது.
அடுத்து வருவது எனக்குத் தெரியும்.

அந்த ஊர்க் காவல்துறை எழுதிக்கொடுத்ததைக்
'கைகலப்பு' என்று தமிழாக்கி அவளுக்கு அனுப்பியிருந்தேன்.
நள்ளிரவில் பதில் வந்தது:
கலப்பதற்கு ரெண்டு பக்கத்துக் கை வேணுமே,
தம்பி கை ரெண்டும் புத்தகப் பையில இருந்துச்சே.

அவர்கள் கேட்டது நஷ்ட ஈடு இல்லை.
குற்றப்பத்திரிகையில் ஒரே ஒரு சொல்.
வெறுப்பு.
அதற்காக அத்தா நாசி கண்டார் கடையில் பாதியை
மச்சானுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.
போவதற்கு முன், பட்டர்வொர்த்துக்கும் இங்குமாக
பெரியில் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி
அந்தச் சொல்லை அவர்கள் மொழியில்
கடலைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்.
நீதிமன்ற வராந்தாவில் நாலு குளிர்காலம்.
மூன்றாவதில் அவருக்கு யாரோ கையுறை கொடுத்தார்கள்,
படத்தில் அது வரவில்லை.

நாற்பத்தொன்றாம் நிமிடம்.
பேருந்துக்குள்ளிருந்து யாரோ கைப்பேசியில் பிடித்தது.
தள்ளுவதற்கு முன் அந்த ஆள்
ஒரு சொல்லைக் கத்துகிறான்.
திரையின் அடி காலி.
எழுத்து வரவேண்டிய இடம். வராது.
நான் போடவில்லை.

அகராதியில் கிடைக்கவில்லை என்றால் பொய்.
தேடவே வேண்டியிருக்கவில்லை.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினோராம் மாடியில்
எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே அது இருந்தது.
சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா சொல்வார்,
கடையில் கூட்டாக இருந்தவரை, கீழ்வீட்டு டாக்டரை,
கோபமே இல்லாமல்,
உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பது போல.
நானும் சொல்லியிருக்கிறேன்,
பள்ளியில், பின்பெஞ்சு காசிமை.
அவன் சிரித்தான்.
அவன் சிரித்ததைத்தான் இத்தனை வருடம்
எனக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

விளக்குப் போட்டார்கள்.
ஒருவர் எழுந்து, நல்லவேளை
நம்ம பினாங்குல இதெல்லாம் இல்லை என்றார்.
சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் போல,
உள்ளங்கை சூடாக இருந்தது.

நாற்காலி மடக்கும்போது அருகில் வந்தாள்.
"நாப்பத்தொண்ணுல எழுத்து விட்டுப்போச்சு."
தெரியும் என்றேன்.
"மறதியா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
கம்பிக் கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.
"ஒரு சொல்லு வேணும்னு எங்கத்தா நாலு வருஷம் அலைஞ்சாரு.
நீங்க ஒண்ண முழுங்கிட்டு நிக்கிறீங்க."
பிறகு, வேறு யாருக்கோ சொல்வது போல,
அடுத்த சனிக்கிழமை ஈப்போவில் திரையிடல் என்றாள்.

இரவு இரண்டு மணி.
ஐந்தே எழுத்து. முப்பத்தைந்தில் ஐந்து.
கண் தாங்கும்.
ஓடவிட்டுப் பார்த்தேன்.
அவன் அவனுடைய மொழியில் கத்துகிறான்,
அடியில் எங்கள் வீட்டுச் சொல்
வெள்ளையாக, ஒன்றரை நொடி.

ஒலியைக் குறைத்தேன்.
பக்கத்து அறையில் அப்பா இருமினார்.